வரியில்லாத மூட்டைகள்: 1923இல் கடல் கடந்த முஸ்லிம் குடும்பங்களும் அவர்களின் உடைமைகளும்

 

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் குடிபெயரும் குடும்பம் தன் வீட்டுச் சாமான்களோடு எல்லையைக் கடப்பது எளிதான காரியம் அன்று. பல ஆண்டுகள் வளைகுடாவில் வாழ்ந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பும் நம் குடும்பங்கள் இதை நன்கு அறியும். எதை எடுத்துச் செல்வது, எதை விற்பது, எதை யாருக்குக் கொடுப்பது என்று வாரக்கணக்கில் யோசிக்க வேண்டும். பட்டியல் எழுத வேண்டும். பழைய பொருள் எது, புதிய பொருள் எது, எதற்கு வரி, எதற்கு விலக்கு என்று சுங்க அதிகாரிகள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

வரலாற்றில் ஒருமுறை இலட்சக்கணக்கான முஸ்லிம்களுக்கு இந்தத் தொல்லை முற்றிலுமாக நீக்கப்பட்டது. அவர்கள் தங்கள் அசையும் சொத்துகள் அனைத்தையும் எவ்வித ஏற்றுமதி வரியும் இறக்குமதி வரியும் இன்றி எடுத்துச் செல்லலாம் என்று ஒரு சர்வதேச உடன்படிக்கையே எழுதி உறுதியளித்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அது பெரும் சலுகை. ஆனால் அந்தச் சலுகையை அம்மக்கள் கேட்கவில்லை. அவர்கள் ஊரைவிட்டுப் போகவே விரும்பவில்லை. தங்கிவிடும் உரிமையைப் பறித்த அதே உடன்படிக்கைதான் எடுத்துச் செல்லும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே 1923இல் நடைபெற்ற மக்கள் பரிமாற்றத்தின் வரலாறு இது. துருக்கியர் இதனை 'முபாதலா' என்றும், இவ்வாறு மாற்றப்பட்டவர்களை 'முபாதில்' என்றும் அழைக்கின்றனர்.

பின்னணி

இன்று கிரேக்கத்தின் இரண்டாவது பெரிய நகரமாக விளங்கும் சலோனிக்கா 1430 முதல் உஸ்மானியர் ஆட்சியில் இருந்தது. கிரீட் தீவின் காண்டியா கோட்டை 1669இல் உஸ்மானியர் வசமானது. தலைமுறை தலைமுறையாக அங்கே முஸ்லிம்கள் வாழ்ந்தனர். மகதோனியாவின் கிராமங்களில் புகையிலை பயிரிட்டனர். தீவுகளில் ஒலிவ மரங்களைப் பேணினர். நகரங்களில் கடை வைத்தனர். பள்ளிவாசல்களையும் மத்ரஸாக்களையும் எழுப்பி, அவற்றின் பராமரிப்புக்காகக் கடைகளையும் நிலங்களையும் வக்ஃப் செய்தனர்.

1912இல் தொடங்கிய பால்கன் போர்கள் இந்த வாழ்வைக் குலைத்தன. அவ்வாண்டு நவம்பரில் சலோனிக்கா கிரேக்கப் படைகளின் கைக்குப் போனது. 1913இல் கிரீட் தீவு கிரேக்கத்துடன் இணைந்தது. அதையடுத்து முதல் உலகப் போர் வந்தது. 1919 மே மாதத்தில் கிரேக்கப் படை இஸ்மீரில் இறங்கி அனத்தோலியாவின் உட்பகுதிக்குள் முன்னேறியது. 1922 செப்டம்பரில் துருக்கியர் இஸ்மீரை மீட்டனர். தோற்றுப் பின்வாங்கிய கிரேக்கப் படையோடு அனத்தோலியாவின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் இலட்சக்கணக்கில் கப்பலேறி ஓடினர். அவர்களில் பெரும்பாலோர் உடுத்திய துணியோடு சென்றவர்கள். இரு தரப்பிலும் கிராமங்கள் எரிந்தன. இரு தரப்பிலும் அப்பாவிகள் மாண்டனர். இதை நாம் நீதியோடு நினைவில் வைக்க வேண்டும். நம் தரப்பின் துயரத்தைச் சொல்லும்போது அடுத்தவர் துயரத்தை மறைப்பது முஸ்லிமுக்கு அழகன்று.

1922 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சமாதான மாநாடு கூடியது. அகதிகளுக்கான உலகச் சங்கத்தின் உயர் ஆணையராக இருந்த நார்வே நாட்டவர் நான்சன், இரு நாட்டுச் சிறுபான்மையினரையும் பரிமாறிக்கொள்ளும் யோசனையை முன்வைத்தார். மாநாட்டில் முதன்மைப் பங்கு வகித்த பிரிட்டனின் கர்சன் பிரபுவே இதனை மிகத் தீய தீர்வு என்று குறைகூறினார். ஆயினும் 1923 ஜனவரி 30ஆம் நாள் கிரேக்கத்தின் வெனிசெலோஸும் துருக்கியின் இஸ்மத் பாஷாவும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர்.

பரிமாற்றத்தின் அளவுகோல்

அந்த உடன்படிக்கையின் முதல் பிரிவே, 1923 மே 1 முதல் பரிமாற்றம் கட்டாயமாக நடைபெறும் என்று கூறியது. துருக்கியில் வாழும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்குப் போக வேண்டும். கிரேக்கத்தில் வாழும் முஸ்லிம்கள் துருக்கிக்குப் போக வேண்டும். போனவர்கள், தாங்கள் விட்டுச் சென்ற நாட்டு அரசின் அனுமதியின்றித் திரும்பி வந்து வாழ முடியாது. இஸ்தான்புல் நகரின் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் பகுதியின் முஸ்லிம்களுக்கும் மட்டுமே பெரிய அளவில் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கினால்தான் இன்றும் கொமோட்டினி, சாந்தி போன்ற ஊர்களில் பாங்கோசை கேட்கிறது.

யார் எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்தது மொழி அன்று, மார்க்கம். கிரீட் தீவின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் வீட்டிலும் கடைத்தெருவிலும் கிரேக்க மொழியே பேசினர். பலருக்குத் துருக்கி மொழியில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாது. மறுபுறம், கப்படோக்கியாவின் கிறிஸ்தவர்களில் பலருக்குத் துருக்கி மொழியே தாய்மொழி. அதனைக் கிரேக்க எழுத்தில் எழுதி வந்தனர். இவர்கள் எல்லோரும் தாம் கண்டிராத தேசத்தின் குடிமக்கள் என்று ஒரு காகிதத்தால் அறிவிக்கப்பட்டனர். கிரேக்கத்துக்குச் சென்றவர்கள், முன்னரே ஓடியவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 12 இலட்சம். துருக்கிக்கு வந்த முஸ்லிம்கள் மூன்றரை முதல் நான்கு இலட்சம்.

எட்டாம் பிரிவு

உடைமைகளைப் பற்றி அந்த உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு விரிவாகப் பேசுகிறது. குடிபெயர்வோர் தம் அசையும் சொத்துகளை எவ்வகையினதாயினும் தாமே எடுத்துச் செல்லலாம். அல்லது அனுப்பிவைக்க ஏற்பாடு செய்யலாம். அதற்காக ஏற்றுமதி வரியோ இறக்குமதி வரியோ வேறெந்த வரியோ விதிக்கக் கூடாது. தனிமனிதரின் பொருள்களுக்கு மட்டுமன்றிப் பள்ளிவாசல், தக்கியா, மத்ரஸா, தேவாலயம், மடம், பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகியவற்றின் அசையும் பொருள்களுக்கும் இவ்வுரிமை உண்டு. போக்குவரத்துக்கு வேண்டிய எல்லா வசதிகளையும் அதிகாரிகள் செய்துதர வேண்டும்.

எடுத்துச் செல்ல இயலாதவற்றை விட்டுச் செல்லலாம். அவ்வாறு விட்டால், உள்ளூர் அதிகாரிகள் உரியவரின் கருத்தையும் கேட்டுப் பொருள்களைப் பட்டியலிட்டு விலை மதிப்பிட வேண்டும். அந்தப் பட்டியல் நான்கு படிகளாக எழுதப்படும். ஒரு படி உள்ளூர் அதிகாரிகளிடம் இருக்கும். இரண்டாவது, இதற்கென அமைக்கப்பட்ட கலப்பு ஆணையத்துக்குப் போகும். மூன்றாவது, குடியேறும் நாட்டின் அரசுக்கு. நான்காவது, குடிபெயரும் மனிதரின் கைக்கு. வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்துகளை ஆணையம் தங்க நாணய மதிப்பில் கணக்கிடும். சென்று சேரும் நாட்டில், விட்டு வந்த சொத்துக்குச் சமமான மதிப்பும் அதே தன்மையும் உடைய சொத்து அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது விதி.

சட்டம் எழுதியவர்கள் பொருள்களின் மீது காட்டிய அக்கறை இது. ஒரு செப்புப் பானைக்கும் நான்கு படிகளில் சான்று எழுத வழி செய்தார்கள். ஆனால் அந்தப் பானையின் சொந்தக்காரரிடம், 'நீ போக விரும்புகிறாயா?' என்று கேட்க அந்த உடன்படிக்கையில் ஓர் இடமும் இல்லை.

துறைமுகத்தில்

காகிதத்தில் இருந்த உரிமை நடைமுறையில் எப்படி அமைந்தது?

1922இன் இறுதியிலேயே மகதோனியாவின் முஸ்லிம் கிராமங்களுக்குள் அனத்தோலியாவிலிருந்து வந்த கிறிஸ்தவ அகதிகள் வந்து சேர்ந்துவிட்டனர். தங்க இடமில்லாத நிலையில், முஸ்லிம்களின் வீடுகளிலேயே அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். ஒரே கூரையின் கீழ், தம் வீட்டை இழந்து வந்தவர்களும் தம் வீட்டை இழக்கப்போகிறவர்களும் மாதக்கணக்கில் சேர்ந்து வாழ நேர்ந்தது. ஓர் அடுப்பில் இரு குடும்பங்கள் சமைத்தன. சில வீடுகளில் மனக்கசப்பும் சண்டையும் மூண்டன. சில வீடுகளில் பரிவும் பிறந்தது. நிலைமை இப்படி இருக்க, நிலத்தையோ கால்நடையையோ நல்ல விலைக்கு வாங்க யார் முன்வருவார்கள்? எல்லாரும் ஒரே நேரத்தில் போகப்போகிறார்கள் என்று தெரிந்த சந்தையில் விற்பவனுக்கு ஏது மதிப்பு?

கலப்பு ஆணையம் 1923 அக்டோபரில் பணியைத் தொடங்கியது. அதே மாதம் துருக்கி அரசு பரிமாற்றத்துக்கும் குடியமர்த்தலுக்கும் எனத் தனி அமைச்சகத்தை நிறுவி, முஸ்தபா நஜாத்தியை அமைச்சராக்கியது. ஆகவே கப்பல் பயணங்களின் பெரும்பகுதி குளிர்காலத்தில் தொடங்கி 1924 முழுவதும் நீண்டது. உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டியிலும் கழுதையிலும் நடந்தும் மக்கள் சலோனிக்கா, கவாலா துறைமுகங்களுக்கு வந்தனர். கப்பலுக்காகக் கூடாரங்களில் காத்திருந்தனர். 'ஹிலாலே அஹ்மர்' என்னும் துருக்கியின் செம்பிறைச் சங்கம் அவர்களுக்கு உணவும் மருத்துவமும் அளிக்க முயன்றது. குளிரிலும் நோயிலும் முதியவர்களும் குழந்தைகளும் வழியிலேயே மரணித்தனர்.

மூட்டைகளில் என்ன இருந்தது? மெத்தை, போர்வை, செப்புப் பாத்திரங்கள், மகளின் திருமணத்துக்காகச் சேர்த்த துணிப்பெட்டி, தொழுகை விரிப்பு, தலைமுறையாக ஓதிய குர்ஆன் பிரதி. ஆடுமாடுகளைக் கப்பலேற்றியவர்களும் உண்டு. 'அசையும் சொத்து எவ்வகையினதாயினும்' என்று சட்டம் தாராளமாகச் சொன்னது. கப்பலின் கொள்ளளவும் மனிதத் தோளின் வலிமையும் அவ்வளவு தாராளமாக இல்லை. வரி விலக்கு இருந்தும் பாதிக்கு மேற்பட்ட வாழ்க்கையைக் கரையிலேயே விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. விதைத்த நிலம் அறுவடைக்கு நின்றது. நூறாண்டு கண்ட ஒலிவ மரத்தை எந்த மூட்டையில் கட்டுவது? பெற்றோரின் கபுறை எந்தப் பட்டியலில் எழுதுவது?

கடலைக் கடந்தவர்களை இஸ்தான்புல் அருகேயுள்ள துஸ்லாவிலும் இஸ்மீர் அருகேயுள்ள உர்லாவிலும் இருந்த தொற்றுத்தடுப்பு நிலையங்களில் இறக்கினர். கொள்ளைநோய்க்கு அஞ்சி, மனிதர்கள் குளிப்பாட்டப்பட்டனர். துணிமணிகள் நீராவியில் சுத்திகரிக்கப்பட்டன. சுங்கத்தில் திறக்கப்படாத மூட்டைகள் அங்கே திறக்கப்பட்டன.

பள்ளிவாசலை எடுத்துச் செல்ல இயலுமா?

ஜமாஅத்தின் அசையும் பொருள்களை எடுத்துச் செல்ல உரிமை உண்டு என்று பார்த்தோம். விரிப்புகள், விளக்குகள், குர்ஆன் பிரதிகள், நூல்கள் ஆகியவற்றுக்கு அந்த விதி பொருந்தும். பள்ளிவாசலுக்குப் பொருந்தாது. வக்ஃப் என்பது விற்கவும் வாரிசுக்குக் கொடுக்கவும் இயலாதபடி அல்லாஹ்வின் பாதையில் நிறுத்தப்பட்ட சொத்து. அது நிலைத்து நிற்பதற்காகவே வக்ஃப் செய்யப்படுகிறது. ஆனால் அதைப் பேணுவோரும் அதில் தொழுவோரும் ஒரே நாளில் போய்விட்டால், வக்ஃபின் கதி என்ன?

சலோனிக்காவில் 15ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஹம்சா பே பள்ளிவாசல் பின்னாளில் கடைகளும் திரையரங்கும் ஆனது. 1902இல் கட்டப்பட்ட புதிய பள்ளிவாசல், பரிமாற்றத்துக்குப் பின் அகதிகளுக்கு இடம் தந்து, 1925இல் தொல்பொருள் அருங்காட்சியகம் ஆயிற்று. அந்நகரின் மினாராக்களில் ரொட்டுண்டா என்னும் பழைய கட்டடத்தின் அருகே உள்ள ஒன்றே இன்று எஞ்சி நிற்கிறது. கிரீட்டின் ஹெராக்லியோன் நகரில் வசீர் பள்ளிவாசலாக இருந்த கட்டடம் 1925இல் புனித தீத்து தேவாலயமாக்கப்பட்டது. உஸ்மானியர் வருவதற்கு முன் அவ்விடத்தில் தேவாலயமே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

கடலின் மறுகரையிலும் இதுவே நடந்தது. கப்படோக்கியாவில் கெல்வெரி என்றொரு ஊர். இன்றைய பெயர் குஸெல்யுர்த். அவ்வூரின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புறப்பட்டபோது, தங்கள் தேவாலயத்தில் இருந்த புனித கிரிகோரியின் எச்சங்களைச் சுமந்து சென்றனர். கிரேக்கத்தில் கவாலா அருகே தாங்கள் அமைத்த குடியிருப்புக்கு நெயா கர்வலி, அதாவது 'புதிய கெல்வெரி', என்று தம் ஊர்ப்பெயரையே சூட்டினர். அவர்கள் விட்டுச் சென்ற தேவாலயம் பள்ளிவாசலாக மாற்றப்பட்டது. கவாலாப் பகுதியிலிருந்து முஸ்லிம்கள் வெளியேறினர். அதே கவாலாவின் அருகே கெல்வெரியின் கிறிஸ்தவர்கள் வந்திறங்கினர். ஒருவர் விட்டுச் சென்ற சுவர்களுக்குள் மற்றவர் இறைவனை அழைத்தார்.

வந்து சேர்ந்த இடத்தில்

துருக்கி அரசு தொழிலுக்கேற்ப மக்களைக் குடியமர்த்தத் திட்டமிட்டது. டிராமா, கவாலாப் பகுதிகளின் புகையிலை விவசாயிகளைச் சம்சூனுக்கும், தீவுகளின் ஒலிவ விவசாயிகளை ஆய்வாலிக் போன்ற கடற்கரை ஊர்களுக்கும் அனுப்புவது திட்டம். நல்ல யோசனைதான். ஆனால் போரில் எரிந்த ஊர்களில் வீடுகள் கூரையின்றி நின்றன. எஞ்சிய வீடுகள் பலவற்றில் உள்ளூரார் முன்னரே குடியேறியிருந்தனர். கதவும் சன்னலும்கூட ஏற்கெனவே கழற்றப்பட்டுவிட்ட வீடுகள் பல. புகையிலை தெரிந்தவருக்குத் திராட்சைத் தோட்டமும், ஒலிவம் தெரிந்தவருக்குக் கோதுமை வயலும் கிடைத்த நிகழ்வுகளும் உண்டு.

அதைவிட வலித்தது வேறொன்று. கிரேக்க மொழி பேசி வந்த கிரீட் முஸ்லிம்களை உள்ளூர் முஸ்லிம்கள் சிலர் 'அரைக் காபிர்' என்று ஏசினர். முஸ்லிம் என்ற ஒரே காரணத்துக்காக ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர், வந்து சேர்ந்த முஸ்லிம் மண்ணில் காபிர் என்று அழைக்கப்பட்டார். இதேபோலக் கிரேக்கத்துக்குச் சென்ற அனத்தோலியக் கிறிஸ்தவர்கள் அங்கே 'துருக்கி வித்து' என்று இகழப்பட்டனர். மொழியும் உச்சரிப்பும் சமையலும் உடையும் எந்தச் சுங்கத்திலும் பிடிபடாமல் கூடவே வந்துவிட்டன. அவற்றுக்கான வரியை அவர்கள் ஆயுள் முழுவதும் அண்டை வீட்டாரிடம் செலுத்தினர்.

இன்னொரு முரணும் உண்டு. மார்க்கத்தின் பெயரால் இம்மக்கள் கப்பலேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1924 மார்ச் 3ஆம் நாள், அங்காரா நாடாளுமன்றம் கிலாபத்தை ஒழித்தது. கிலாபத் இயக்கத்தின் வழியாகத் துருக்கியின் செய்திகளைக் கவனித்து வந்த இந்திய முஸ்லிம்களுக்கு அது பேரதிர்ச்சியாக இருந்தது. நாம் கலீபாவின் முடிவைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறோம். அந்நாட்களில் சலோனிக்காவின் கரையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி நம்மிடையே பேச்சு மிகக் குறைவு.

நான்காவது படி

குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்ட காகிதங்கள் என்னவாயின? முபாதில்கள் தாம் விட்டு வந்த வீடு, வயல், தோட்டம், மரங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிரப்பிய சொத்து விண்ணப்பப் படிவங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் துருக்கியின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தம் பாட்டனாரின் ஊர் எது என்று தேடும் பேரப்பிள்ளைகள் அவற்றைத்தான் நாடுகின்றனர்.

ஆனால் அந்தப் படிவங்கள் வாக்களித்த கணக்கு ஒருபோதும் தலைக்குத் தலை தீர்க்கப்படவில்லை. இலட்சக்கணக்கான சொத்துகளை ஒவ்வொன்றாக மதிப்பிட்டு நேர்செய்வது ஆணையத்தால் ஆகாத காரியமாயிற்று. இறுதியில் 1930 ஜூன் 10ஆம் நாள் இரு அரசுகளும் அங்காராவில் ஓர் ஒப்பந்தம் செய்து, சொத்துக் கணக்கை மொத்தமாக முடித்துக்கொண்டன. விட்டுச் சென்ற சொத்துகள் அவை இருந்த நாட்டு அரசுக்கே உரியவையாயின. அரசுக்கும் அரசுக்கும் இடையே கணக்கு நேரானது. ஒரு தோட்டத்தை இழந்த மனிதருக்கும் அந்தத் தோட்டத்துக்கும் இடையிலான கணக்கு தீராமலே நின்றது.

இதற்கிடையே 1928 நவம்பரில் துருக்கி மொழியின் எழுத்து மாறியது. அதுவரை அரபு எழுத்தில் எழுதப்பட்டு வந்த மொழி இலத்தீன் எழுத்துக்கு மாற்றப்பட்டது. கடல் கடந்து பத்திரமாகக் கொண்டுவந்த படிவங்களும் கடிதங்களும், மரணித்தவர்களின் தேதிகளைக் குறித்துவைத்த ஏடுகளும் அடுத்த தலைமுறைக்குப் புரியாத கோடுகளாகிவிட்டன. பெட்டி வந்து சேர்ந்தது. அதைப் படிக்கும் கண் வந்து சேரவில்லை.

இஸ்தான்புல்லின் புறப்பகுதியான சத்தல்ஜாவில் 2010இல் முபாதலா அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்குள்ள பொருள்களில் பெரும்பாலானவை குடும்பங்கள் மனமுவந்து கொடுத்தவை. அரண்மனைச் செல்வங்கள் அல்ல, வீட்டுப் பொருள்கள்.

ஹிஜ்ரத்தும் வெளியேற்றமும்

இந்த வரலாற்றைப் படிக்கும் முஸ்லிம் உள்ளம் இயல்பாகவே ஹிஜ்ரத்தை நினைக்கும். இரண்டும் ஒன்றல்ல. மக்காவின் முஸ்லிம்கள் தம் ஈமானைக் காக்கத் தாமே முடிவெடுத்துப் புறப்பட்டார்கள். 1923இன் முஸ்லிம்களுக்காக வேறு யாரோ முடிவெடுத்தார்கள். ஆயினும் உடைமைகளைப் பற்றிய மார்க்கத்தின் பார்வையை ஹிஜ்ரத்தின் நிகழ்வுகளே நமக்குத் தெளிவாகக் கற்றுத்தருகின்றன.

நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து புறப்பட்டபோது, தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்களின் அமானிதப் பொருள்களும் அவர்களிடம் இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வருமாறு அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். உயிருக்கு ஆபத்தான வேளையிலும், பயண மூட்டையில் அடுத்தவருடைய பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள்.

ஸுஹைப் அர்ரூமி (ரலி) அவர்களைக் குறைஷியர் வழிமறித்தபோது, தாம் சேர்த்த செல்வம் முழுவதையும் அவர்களிடமே விட்டுவிட்டு வெறுங்கையோடு மதீனா சேர்ந்தார்கள். அது இலாபகரமான வியாபாரம் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். முஹாஜிர்கள் விட்டுச் சென்ற வீடுகள் பிறரால் விற்கப்பட்டன. மக்கா வெற்றியின்போது, தங்கள் வீட்டில் தங்குவீர்களா என்று கேட்கப்பட்டபோது, அகீல் நமக்கென்று வீடு எதையும் விட்டுவைக்கவில்லையே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். வெற்றி வீரராக நுழைந்த ஊரில் தம் வீட்டைக் கேட்டுப் பெறாமல் கூடாரத்தில் தங்கினார்கள்.

மதீனாவின் அன்ஸாரிகளோ வந்தவர்களைத் தம் சகோதரர்களாக ஏற்றார்கள். ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்; அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவருக்காகத் துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று மட்டும் கேட்டார். கொடுப்பவரின் தாராளமும் பெறுபவரின் தன்மானமும் சந்தித்த இடம் அது. வீடுகளிலிருந்தும் செல்வங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்களையும், தமக்கே தேவை இருந்தும் அவர்களுக்கு முன்னுரிமை அளித்தவர்களையும் திருக்குர்ஆன் 'அல்ஹஷ்ர்' அத்தியாயத்தில் அடுத்தடுத்துப் புகழ்ந்து பேசுகிறது.

ஒரு சமுதாயம் அகதியை எப்படி ஏற்கிறது என்பதற்கு மதீனா ஒரு முன்மாதிரி. 'அரைக் காபிர்' என்ற ஏச்சு, அந்த முன்மாதிரியை மறந்துபோன முஸ்லிம்களின் நாவிலிருந்து வந்தது.

நமக்கான படிப்பினை

நம்மில் பலர் வேலைக்காகவும் படிப்புக்காகவும் எல்லைகளைக் கடந்து வாழ்கிறோம். நம்மை யாரும் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை. அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவோம். ஆயினும் இந்த வரலாறு சில கடமைகளை நமக்கு நினைவூட்டுகிறது.

முதலாவது, ஊரைவிட்டுப் புறப்படும் முன் நம்மிடம் உள்ள அமானிதங்களை ஒப்படைக்க வேண்டும். கடன்களைத் தீர்க்க வேண்டும். தீர்க்க இயலாதவற்றை எழுதிவைக்க வேண்டும். மூட்டை கட்டும் வேலை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, நம் ஊருக்கு வந்து சேரும் வேற்று மொழி முஸ்லிமின் உச்சரிப்பைக் கேலி செய்யாதிருக்க வேண்டும். அவருடைய மூட்டையில் என்னென்ன இல்லை என்பதை அவர் மட்டுமே அறிவார்.

மூன்றாவது, நம் வீட்டுப் பழைய பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களும் கிதாபுகளும் கணக்கேடுகளும் இன்றும் பல வீடுகளில் உள்ளன. துருக்கியில் அரசாணை செய்ததை, நம்மிடையே ஆணை ஏதுமின்றி மறதியே செய்து வருகிறது. அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே, அவர்களை அருகில் அமர்த்தி அந்த ஏடுகளை வாசிக்கச் சொல்லி எழுதி வைப்போம். வீடு மாறும்போது முதலில் பழைய காகிதங்களைத்தான் நாம் கழித்துக்கட்டுகிறோம். அவற்றைக் கடைசியாகக் கழிப்போம்.

இவ்வுலகில் எல்லாருமே பயணிகள். நம்முடைய இறுதிப் பயணத்தில் சில துண்டு வெள்ளைத் துணிக்கு மேல் எடுத்துச் செல்ல எவருக்கும் அனுமதி இல்லை. நம் அமல்கள் மட்டுமே உடன் வரும். வீடுகளை இழந்து எல்லைகளில் காத்திருக்கும் அனைவருக்கும், அவர்கள் எந்த மதத்தவராயினும், வல்ல அல்லாஹ் அமைதியான தங்குமிடத்தை வழங்குவானாக! நமக்கு அடைக்கலம் தந்த மண்ணுக்கு நன்றியுடையவர்களாகவும், நம்மிடம் அடைக்கலம் தேடி வருவோருக்கு அன்ஸாரிகளாகவும் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.